லெஸ்டர் ரசிகர்கள் போட்ட கணக்கு

இங்கிலாந்தில் கால்பந்து லீக் ஆட்டங்கள் ஆகஸ்டு மாதத்தில் தொடங்கும். மே மாதத்தில் முடியும். நடுவில் உள்ள மாதங்களில் மைதானத்துக்குப் பூட்டு. புல்லுக்குத் தண்ணீர் விடுகிறவரைத் தவிர உள்ளே ஆள் நடமாட்டம் இருக்காது.

ஆனால், ரசிகர்களின் வாய்க்குப் பூட்டு கிடையாது!

ஆட்டம் நடக்கும் காலத்திலாவது இரண்டு மணி நேரம் கத்தித் தீர்த்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். ஆட்டம் இல்லாத காலத்தில் பேச்சுக்கு முடிவே இல்லை. யாரை வாங்கினார்கள்? யாரை விற்றார்கள்? எவ்வளவு கொடுத்தார்கள்? நல்ல பேரமா, ஏமாந்த பேரமா? வேலைக்குப் போகும் பஸ்சில், மாலை நேரத்து மதுக்கடையில், ராத்திரி சாப்பாட்டு மேஜையில் — எங்கே போனாலும் இதே விசாரணைதான். அப்பா ஒரு கட்சி பேசுவார். பிள்ளை எதிர்க்கட்சி பேசுவான். ஜூலை முடிவதற்குள் வீட்டுக்கு வீடு தீர்ப்பு எழுதி விடுவார்கள். "இந்த வருடம் நம் அணி செய்த நல்ல காரியம் இது. கெட்ட காரியம் இது."

ஓர் ஆட்டம்கூட நடந்திராது. பந்து ஒரு முழம் உருண்டிராது. ஆனாலும் தீர்ப்பு தயார்!

இப்படிப்பட்ட தீர்ப்புக்கு என்ன மதிப்பு? ரசிகர் சொல்வது பலிக்குமா? அல்லது வெறும் வாய்ப்பந்தல்தானா?

இந்தக் கேள்விக்குப் பதில் தேட லெஸ்டர் நகரத்தைவிடப் பொருத்தமான ஊர் வேறு இல்லை. அந்த ஊர் ரசிகர்கள் ஒரு தடவை மண்ணைக் கவ்வினார்கள். இன்னொரு தடவை அவர்கள் சொன்னது அட்சரம் பிசகாமல் நடந்தது. எதில் தவறினார்கள், எதில் தவறவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம்.

தாத்தா காலத்துப் பெருமை

லெஸ்டர் இங்கிலாந்தின் நடுப்பகுதியில் இருக்கிறது. காலுறை, பின்னலாடை, பூட்சு செய்து பிழைத்த ஊர். 1972-ம் வருடம் உகாண்டா நாட்டுச் சர்வாதிகாரி இடி அமீன் அங்கிருந்த ஆசியர்களை விரட்டியபோது ஆயிரக்கணக்கான இந்தியக் குடும்பங்கள் இந்த ஊரில்தான் குடியேறின. அவர்களில் பெரும்பாலோர் குஜராத்திகள். இன்று அந்த ஊரில் தீபாவளி வந்தால் தெருவெல்லாம் விளக்கு எரிகிறது.

ஊரின் கால்பந்து அணி 1884-ல் தொடங்கப்பட்டது. 2015-ம் வருடக் கோடை வரையில் கணக்குப் பார்த்தால் 131 வருடம். அவ்வளவு காலத்தில் ஒரு தடவைகூட அது நாட்டின் முதல் டிவிஷன் பட்டத்தை வென்றதில்லை! 1929-ல் இரண்டாவது இடம் கிடைத்தது. அந்தப் பெருமையைத்தான் தாத்தாக்கள் பேரன்மாருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இங்கிலாந்து லீகில் ஒரு கடுமையான விதி உண்டு. மேல் டிவிஷனில் 20 அணிகள். வருட முடிவில் கடைசி மூன்று இடத்தில் இருக்கும் அணிகள் கீழ் டிவிஷனுக்குத் தள்ளப்படும். கீழே நன்றாக ஆடிய மூன்று அணிகள் மேலே ஏறும். கீழே விழுந்தால் மானம் மட்டும் போவதில்லை. கோடிக்கணக்கான வருமானமும் போய்விடும்.

லெஸ்டர் 2014-ல்தான் மேலே ஏறியது. ஏறிய வருடமே வழுக்கியது. 140 நாள் பட்டியலின் அடியிலேயே கிடந்தது. "முடிந்தது கதை" என்று எல்லாரும் கைகழுவி விட்டார்கள். ஆனால் கடைசி ஒன்பது ஆட்டங்களில் ஏழில் வென்று 14-வது இடத்துக்குத் தாவியது! மானேஜர் நைஜல் பியர்சனை ரசிகர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள்.

கொண்டாட்டத்தின் ஈரம் காயவில்லை. 2015-ம் வருடம் ஜூன் 30-ந் தேதி பியர்சன் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அணியின் சொந்தக்காரர்கள் தாய்லாந்து நாட்டுச் செல்வக் குடும்பத்தினர். அவர்களுக்கும் மானேஜருக்கும் ஒத்துப்போகவில்லை.

ஊர் கொதித்தது. மூழ்கிய கப்பலைத் தூக்கி நிறுத்தியவரையா வெளியே அனுப்புவது?

வந்தார் ரானியேரி

ஜூலை 13-ந் தேதி புதிய மானேஜரின் பெயர் வெளியாயிற்று. கிளாடியோ ரானியேரி. இத்தாலிக்காரர். வயது 63.

இதைக் கேட்டதும் ரசிகர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள்.

காரணம் இல்லாமல் இல்லை. ரானியேரி பெரிய பெரிய அணிகளை நடத்தியவர்தான். ஆனால் எந்த நாட்டிலும் முதல் டிவிஷன் பட்டத்தை அவர் வென்றதில்லை. லண்டன் நகரின் செல்சி அணியில் இருந்தபோது ஆட்டத்துக்கு ஆட்டம் ஆட்களை மாற்றிக்கொண்டே இருந்தார். அதனால் பத்திரிகைகள் அவருக்குக் கேலிப் பெயர் வைத்தன. கடைசியாக கிரீஸ் நாட்டு அணிக்குப் பயிற்சியாளராகப் போனார். அங்கே நாலே நாலு ஆட்டம். நாலாவது ஆட்டத்தில், பரோ தீவுகள் என்ற பொட்டுத் தேசத்திடம் கிரீஸ் சொந்த மண்ணில் தோற்றது. ரானியேரியின் சீட்டுக் கிழிந்தது.

இப்படிப்பட்டவரையா கூட்டி வந்தார்கள்?

கேரி லினேகர் பெரிய கால்பந்து வீரர். இங்கிலாந்து அணிக்காக உலகக் கோப்பையில் கோல் மழை பொழிந்தவர். லெஸ்டரில் பிறந்தவர். அவர் குடும்பம் லெஸ்டர் சந்தையில் காய்கறிக் கடை வைத்திருந்தது. அவரே "ரானியேரியா? நிஜமாகவா?" என்று வெளிப்படையாகக் கேட்டார். விஷயம் தெரிந்தவரே அப்படிக் கேட்டால், டிக்கெட் வாங்கிப் பார்க்கிற சாதாரண மனிதர் என்ன நினைப்பார்?

அதே கோடையில் இன்னொரு துக்கம். எஸ்தபான் காம்பியாசோ அணியை விட்டுப் போனார். அர்ஜென்டினாக்காரர். ஐரோப்பியக் கோப்பையை வென்ற பெரிய ஆட்டக்காரர். வயதான காலத்தில் லெஸ்டருக்கு வந்து நடுக்களத்தைத் தாங்கினார். அந்த வருடத்தின் சிறந்த வீரர் என்று அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. அவர் புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை.

அவர் இடத்துக்கு யார்? கோகான் இன்லர் வந்தார். சுவிட்சர்லாந்து நாட்டு அணியின் தலைவர்! இத்தாலியில் நேப்பிள்ஸ் அணியில் ஆடியவர். பெயர் பெற்றவர். "அப்பாடா, ஒரு நல்ல காரியமாவது நடந்ததே!" என்று பலர் மூச்சு விட்டார்கள்.

இன்னும் சிலரும் வந்தார்கள். ஜப்பானியர் ஒக்காசாகி. ஆஸ்திரியாவைச் சேர்ந்த பூக்ஸ் — இவருக்கு விலையே கொடுக்கவில்லை; ஒப்பந்தம் முடிந்து சும்மா இருந்தவர். முன்பே இரவலாக வந்து ஆடிய ஜெர்மானியர் ஹூத். பிறகு, பிரெஞ்சு நாட்டுச் சின்ன அணி ஒன்றிலிருந்து ஒரு குட்டையான வாலிபர். உயரம் ஐந்தரை அடி. விலை 56 லட்சம் பவுன் என்றார்கள். இங்கிலாந்து லீகில் அது பெரிய தொகை அல்ல. அவர் பெயரை எப்படி உச்சரிப்பது என்றே ரசிகர்களுக்குத் தெரியவில்லை.

ஆக, அந்தக் கோடையின் தீர்ப்பு எப்படி இருந்தது? படுமோசமான காரியம்: ரானியேரி. பெரிய நஷ்டம்: காம்பியாசோ. உருப்படியான காரியம்: இன்லர். பந்தயக் கடைக்காரர்களும் அதே முடிவுக்குத்தான் வந்தார்கள். லெஸ்டர் பட்டம் வெல்லும் என்று ஒரு பவுன் கட்டினால், வென்றால் 5,000 பவுன் தருவதாகச் சொன்னார்கள்!

நடந்தது என்ன?

லெஸ்டர் பட்டம் வென்றது!

38 ஆட்டங்களில் மூன்றே மூன்றில்தான் தோல்வி. 81 புள்ளிகள். இரண்டாவது வந்த அர்சனல் அணிக்கு 71. 2016-ம் வருடம் மே 2-ந் தேதி ராத்திரி, டாட்டன்ஹாம் அணி செல்சியோடு 2-2 என்று சமன் செய்தபோது லெஸ்டரின் பட்டம் உறுதியாயிற்று. ஆட்டக்காரர்கள் எல்லாரும் ஜேமி வார்டி வீட்டில் கூடி டெலிவிஷனில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விடிய விடிய ஊர் தூங்கவில்லை.

'படுமோசமான காரியம்' என்று தீர்ப்புச் சொல்லப்பட்ட ரானியேரி என்ன செய்தார்? வேடிக்கை என்னவென்றால், அதிகம் ஒன்றும் செய்யவில்லை! பியர்சன் காலத்து உதவியாளர்களை விரட்டாமல் வைத்துக்கொண்டார். ஆட்களை மாற்றிக்கொண்டே இருப்பவர் என்று பெயர் வாங்கியவர், ஏறக்குறைய அதே பதினொரு பேரையே வாராவாரம் ஆட விட்டார். எதிரணிக்கு ஒரு கோல்கூட விடாமல் வென்றால் பீட்சா வாங்கித் தருகிறேன் என்று பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல் ஆட்டக்காரர்களுக்குச் சொன்னார். அக்டோபர் மாதம் அப்படி ஓர் ஆட்டம் நடந்தது. சொன்னபடி அழைத்துப் போனார். ஆனால், மாவைப் பிசைந்து பீட்சாவை நீங்களே செய்யுங்கள் என்றுவிட்டார். உழைத்தால்தான் சாப்பாடு!

லினேகர் கதை இன்னும் தமாஷ். லெஸ்டர் பட்டம் வென்றால், தான் நடத்தும் டெலிவிஷன் நிகழ்ச்சிக்கு உள்ளாடையோடு வருவதாக டிசம்பரில் சொல்லிவிட்டார். ஆகஸ்டில் சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. அரைக்கால் சட்டை மட்டும் போட்டுக்கொண்டு நாடே பார்க்க உட்கார்ந்தார்.

அப்புறம், உருப்படியான காரியம் என்று மெச்சப்பட்ட இன்லர்? பட்டம் வென்ற அந்த வருடத்தில் ஐந்தே ஐந்து லீக் ஆட்டங்களில்தான் இறங்கினார். அவரை உட்கார வைத்து ஆடியவர் யார் தெரியுமா? பெயரை உச்சரிக்கத் தெரியாத அந்தக் குட்டை வாலிபர்தான்!

குட்டைக் காண்டே

அவர் பெயர் காண்டே. ஆப்பிரிக்காவில் மாலி நாட்டிலிருந்து வந்த குடும்பம். பாரிசில் பிறந்தார். சிறு வயதில் பெரிய அணிகள் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. "பையன் நன்றாகத்தான் ஆடுகிறான். ஆனால் குள்ளமாக இருக்கிறானே!" என்றார்கள். கீழ் டிவிஷன்களில் ஆடி, படிப்படியாக ஏறி, கான் என்ற ஊர் அணிக்கு வந்தார்.

அங்கே அவரைப் பார்த்தவர்கள் லெஸ்டர் அணிக்கு ஆள் தேடும் வேலை செய்தவர்கள். அவர்களுக்குத் தலைவர் ஸ்டீவ் வால்ஷ். ரானியேரிகூட முதலில் தயங்கினாராம். இந்த உயரத்தை வைத்துக்கொண்டு இங்கிலாந்து ஆட்டத்தில் தாக்குப் பிடிப்பாரா என்று. வால்ஷ் விடவில்லை. பார்க்கும்போதெல்லாம் "காண்டே, காண்டே" என்று ஜபம் செய்தார். பிற்காலத்தில் ரானியேரியே இதைச் சொல்லிச் சிரித்தார்.

எதிரணியிடமிருந்து பந்தைப் பறிப்பதில் அந்த வருடம் இங்கிலாந்து லீகிலேயே காண்டேதான் முதல். எங்கே பந்து போகிறதோ அங்கே காண்டே நிற்பார். "பூமியில் முக்கால் பங்கைத் தண்ணீர் மூடியிருக்கிறது. மிச்சத்தைக் காண்டே பார்த்துக்கொள்கிறார்" என்று ரசிகர்கள் வேடிக்கை பேசினார்கள்.

இங்கேதான் ரசிகர்களின் கணக்கு எப்படித் தப்பியது என்று தெரிகிறது. அவர்கள் பெயரைப் பார்த்தார்கள். விலையைப் பார்த்தார்கள். பெரிய பெயர், பெரிய விலை என்றால் நல்ல சரக்கு. கேட்டறியாத பெயர், சின்ன விலை என்றால் மட்டச் சரக்கு. புடவைக் கடையில்கூட விவரமான குடும்பப் பெண் இப்படிப் பார்க்கமாட்டாள். துணியைக் கையில் எடுத்துக் கசக்கிப் பார்ப்பாள். ரசிகரிடம் கசக்கிப் பார்க்கத் துணி இல்லை. கடைக்காரர் ஒட்டிய விலைச் சீட்டுதான் கண்ணில் படுகிறது. அவர் என்ன செய்வார்?

லெஸ்டரில் இது முதல் தடவையும் அல்ல. ரியாத் மாரெஸ் என்ற மெலிந்த அல்ஜீரிய வாலிபர் 2014 ஜனவரியில் சுமார் நாலரை லட்சம் பவுனுக்கு வந்தார். பிரான்சின் இரண்டாம் டிவிஷன் ஆட்டக்காரர். லெஸ்டர் என்றால் ரக்பி ஆடும் ஊர் என்றுதான் அவர் நினைத்திருந்தாராம்! பட்டம் வென்ற வருடத்தில் இங்கிலாந்தின் சிறந்த ஆட்டக்காரர் என்று சக வீரர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தது அவரைத்தான். 2018-ல் மான்செஸ்டர் சிட்டி அணி அவரை சுமார் 6 கோடி பவுன் கொடுத்து வாங்கிக்கொண்டு போயிற்று.

ஒருவரும் அழாத நஷ்டம்

அடுத்த கோடைக்கு வருவோம். 2016. இப்போது லெஸ்டர் ஏழை அணி அல்ல. நாட்டின் சாம்பியன். கையில் காசு இருக்கிறது.

காண்டேயை செல்சி அணி சுமார் 3 கோடியே 20 லட்சம் பவுனுக்கு வாங்கியது. ரசிகர்களுக்கு வருத்தம். ஆனால் பெரிய கலவரம் இல்லை. வார்டி அர்சனலுக்குப் போக மறுத்துவிட்டார். மாரெசும் தங்கிவிட்டார். மூன்று பேரில் இரண்டு பேர் மிச்சம். போதாதா?

தவிர, புதிய ஆட்கள் வந்தார்கள்! மாஸ்கோவிலிருந்து நைஜீரியர் அகமது மூசா. விலை சுமார் 1 கோடியே 60 லட்சம் பவுன். அணியின் சரித்திரத்தில் அதுவரை யாருக்கும் அவ்வளவு கொடுத்ததில்லை. ஆகஸ்டு முதல் வாரத்தில், பார்சலோனா அணியோடு நடந்த வெள்ளோட்ட ஆட்டத்தில் மூசா இரண்டு கோல் போட்டார். பார்சலோனாவுக்கு எதிராக! ஊர் துள்ளிக் குதித்தது. அந்த மாத முடிவில் அதையும் மிஞ்சி இஸ்லாம் சிலிமானிக்கு சுமார் 2 கோடியே 80 லட்சம் கொடுத்தார்கள். காண்டே இடத்துக்கு மென்டி என்பவர் வந்தார்.

தீர்ப்பு: "பரவாயில்லை. நல்ல கோடை."

முடிவு என்ன? மூசா அந்த வருடம் முழுவதும் லீகில் போட்டது இரண்டு கோல். பார்சலோனாவுக்கு எதிராக ஒரே நாளில் போட்ட அதே எண்ணிக்கை! சிலிமானி ஏழு கோல். மென்டி காயம்பட்டு உட்கார்ந்துவிட்டார். 2017 பிப்ரவரியில், கீழே தள்ளப்படும் இடத்துக்கு ஒரே ஒரு புள்ளி மேலே அணி தத்தளித்தது. பிப்ரவரி 23-ந் தேதி ரானியேரியை நீக்கினார்கள். பட்டம் வென்று முழுசாகப் பத்து மாதம்கூட ஆகவில்லை. உலகத்தின் சிறந்த பயிற்சியாளர் என்ற விருதை அவர் வாங்கி ஆறு வாரம்தான் ஆகியிருந்தது.

முதலில் வரவேண்டாம் என்ற ரசிகர்களே இப்போது போகவேண்டாம் என்று கலங்கினார்கள். அதைக் குணக்கேடு என்று சொல்லக்கூடாது. அதுதான் நன்றி. வாசலில் நிற்கும்போது முகம் சுளித்த மருமகளை, வந்த பிறகு மகளாக நினைக்கிற வீடுகள் இல்லையா?

ஆனால் அணியின் சொந்தக்காரர்கள் பக்கமும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். ரானியேரி போன பிறகு அணி வரிசையாக ஐந்து லீக் ஆட்டங்களில் வென்றது. 12-வது இடத்தில் முடித்தது. செய்தது ஈரமில்லாத காரியம். காரியம் பலித்ததும் உண்மை.

இப்போது, 2016 கோடையின் பெரிய தவறு எது என்று லெஸ்டர் ரசிகரைக் கேட்டால், காண்டேயை விட்டது என்பார் ஒருவர். சிலிமானிக்குக் கொட்டிய பணம் என்பார் இன்னொருவர்.

இரண்டும் சரியான பதில் அல்ல. அந்த ஜூலை மாதத்தில் லெஸ்டரை விட்டு இன்னொருவரும் போனார். அவர் பந்தை உதைக்கிறவர் அல்ல. அவர் பனியனுக்குப் பின்னால் நம்பர் கிடையாது. ஸ்டீவ் வால்ஷ்தான் அவர். எவர்டன் அணி அவரைத் தன் கால்பந்து இலாகா டைரக்டராக அழைத்துக்கொண்டது.

காண்டே போனால் இன்னொரு காண்டேயைத் தேடிப் பிடிக்கலாம். தேடிப் பிடிக்கிறவரே போய்விட்டால்? வெண்ணெய் போனது பெரிதல்ல. பசு போனதுதான் பெரிது. அன்று ஊரில் யார் அழுதார்கள்? பத்திரிகையில் செய்தி வந்தது. படித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார்கள். புது ஆட்டக்காரர் யார் என்று பார்த்தார்கள்.

இதற்கு ஒரு மறுப்பும் உண்டு. வால்ஷ் எவர்டனுக்குப் போய் ஒன்றும் சாதிக்கவில்லை. அங்கே கோடி கோடியாகச் செலவழித்தார்கள். 2018 மே மாதம் அவரை அனுப்பிவிட்டார்கள். அப்படியானால் அவர் பெரிய மந்திரக்காரர் அல்ல, காண்டேயும் மாரெசும் குருட்டு அதிர்ஷ்டம் என்று சொல்லலாமே?

சொல்லலாம். ஆனால் அதைவிடப் பொருத்தமான விளக்கம் ஒன்று இருக்கிறது. லெஸ்டரில் வால்ஷ் ஆள் தேடியபோது பணம் கிடையாது. பணம் இல்லாதபோது கால் தேய அலைந்து பார்த்துத்தான் வாங்க வேண்டும். பல வருடம் சேர்ந்து வேலை செய்த ஒரு கூட்டம் அங்கே இருந்தது. யாருக்கு எப்படிப்பட்ட ஆள் வேண்டும் என்று ஒருவருக்கொருவர் தெரியும். எவர்டனில் பணம் இருந்தது. அந்தக் கூட்டம் இல்லை. லெஸ்டரிலும் 2016-ல் பணம் வந்தது, கூட்டம் கலைந்தது. இரண்டு இடத்திலும் விளைவு ஒன்றுதான். பெரிய பெயர், பெரிய விலை, சின்னப் பலன்.

அதாவது, ரசிகர்கள் மதுக்கடையில் உட்கார்ந்து செய்த அதே தவறை, இப்போது அணியை நடத்துகிறவர்களே செய்தார்கள்! கையில் காசு சேர்ந்ததும் அவர்களும் விலைச் சீட்டைப் பார்த்தே வாங்கினார்கள். ரசிகருக்காவது வாய் மட்டும்தான் நஷ்டம்.

சொன்னது பலித்தது

இதைப் படித்துவிட்டு, ரசிகருக்கு ஒன்றும் தெரியாது, பேசாமல் டிக்கெட் வாங்கிக்கொண்டு கைதட்ட வேண்டியதுதான் என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். 2022-ம் வருடக் கோடையையும் பாருங்கள்.

அதற்கு முந்திய வருடம், 2021 மே மாதம், லெஸ்டர் தன் சரித்திரத்தில் முதல் தடவையாக எப்.ஏ. கோப்பையை வென்றிருந்தது. 2022-ல் லீகில் எட்டாவது இடம். பார்ப்பதற்கு எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளே ஓட்டை. சம்பளச் செலவு எக்கச்சக்கம். சொந்தக்காரர்களின் தொழில் விமான நிலையக் கடைகள். கொரோனா காலத்தில் விமானமே பறக்கவில்லையே, வியாபாரம் எப்படி நடக்கும்?

ஜூலை போயிற்று. ஆகஸ்டு பிறந்தது. மற்ற அணிகள் எல்லாம் ஆட்களை வாங்கிக் குவித்தன. லெஸ்டர், ஒரு மாற்றுக் கோல்கீப்பரைத் தவிர, ஒருவரையும் வாங்கவில்லை. பதினொரு வருடம் கோலைக் காத்த காஸ்பர் ஷ்மைக்கேல் பிரான்சுக்குப் போனார். புகழ்பெற்ற கோல்கீப்பர் ஒருவரும் அவர் இடத்துக்கு வரவில்லை. பொபானா என்ற இளம் தடுப்பாட்டக்காரரை சுமார் 7 கோடி பவுனுக்கு செல்சிக்கு விற்றார்கள். அவருக்குப் பதிலாக பெல்ஜியம் நாட்டுக்காரர் ஒருவரை, வாங்குவதற்கான கெடு முடியும் கடைசி நாளில் பிடித்தார்கள்.

ரசிகர்கள் கத்தினார்கள். "வீடு ஒழுகுகிறது. ஓடு மாற்றுங்கள்!" என்று கத்தினார்கள். மானேஜர் பிரெண்டன் ராட்ஜர்சும் புதிய ஆட்கள் வேண்டும் என்று வெளிப்படையாகவே பேசினார். பத்திரிகைகளில் சில விமரிசகர்கள், இந்த அணி கீழே போகிற அணியா, இவ்வளவு நல்ல ஆட்டக்காரர்கள் இருக்கிறார்களே என்று சமாதானம் சொன்னார்கள்.

முதல் ஏழு ஆட்டங்களில் லெஸ்டருக்குக் கிடைத்தது ஒரே ஒரு புள்ளி. 2023 ஏப்ரலில் ராட்ஜர்ஸ் போனார். மே 28-ந் தேதி, கடைசி நாள். லெஸ்டர் வெஸ்ட்ஹாம் அணியை 2-1 என்று வென்றது. வென்றும் பிரயோசனமில்லை. அதே நேரத்தில் எவர்டன் தன் ஆட்டத்தில் வென்றுவிட்டது. இரண்டு புள்ளி வித்தியாசத்தில் லெஸ்டர் கீழே விழுந்தது. ஏழு வருடத்துக்கு முன் நாட்டின் சாம்பியனாக இருந்த அணி!

2015-ல் தப்பாகச் சொன்ன அதே ஜனங்கள் 2022-ல் எப்படிச் சரியாகச் சொன்னார்கள்? அவர்கள் புத்திசாலியாகி விட்டார்களா?

கேள்விதான் வேறு. வருகிற புதிய மனிதர் எப்படி ஆடுவார் என்பது 2015-ன் கேள்வி. அதற்குப் பதில் அவரை நேரில் பல நாள் பார்த்தவருக்குத்தான் தெரியும். கான் ஊர் மைதானத்தில் குளிரில் உட்கார்ந்து காண்டேயைப் பார்த்த லெஸ்டர் ரசிகர் எத்தனை பேர்? ஆனால் தங்கள் சொந்த அணியில் எங்கே ஓட்டை என்பது 2022-ன் கேள்வி. அதை வாராவாரம் பணம் கொடுத்துப் பார்க்கிறவர் ரசிகர்தான். தடுப்பாட்டம் தள்ளாடுவதை அவர் தன் கண்ணால் பார்த்தார். கார்னர் உதை வந்தால் நெஞ்சு படபடப்பது அவருக்குத்தான். பிறத்தியார் வீட்டுச் சமையல் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாமல் போகலாம். தன் வீட்டில் அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்ல யாருடைய தயவும் வேண்டாம்.

ஆகையால் அணியை நடத்துகிறவர்கள், "இவரை ஏன் வாங்கினீர்கள்?" என்று ரசிகர் கேட்டால் சிரித்துக்கொண்டு போகலாம். "இந்த இடம் காலியாக இருக்கிறதே, ஏன் நிரப்பவில்லை?" என்று கேட்டால் நின்று காது கொடுக்க வேண்டும். லெஸ்டரில் அப்படிக் காது கொடுத்திருந்தால் ஒரு நல்ல கோல்கீப்பருக்கு ஆகும் செலவு, கீழே விழுந்ததால் போன பணத்தில் ஒரு மூலைக்குக் காணாது.

பத்து லட்சம் பவுன் ஆள்

2024-ல் அணி மறுபடி மேலே ஏறியது. 2025-ல் மறுபடி கீழே போயிற்று. இந்த இறங்குமுகத்தின் நடுவிலும் ஒருவர் மட்டும் போகவில்லை.

ஜேமி வார்டி. பதினாறு வயதில் ஷெபீல்டு நகரத்து அணி அவரை வேண்டாம் என்று அனுப்பிவிட்டது. தொழிற்சாலையில் வேலை செய்தார். வாரத்துக்கு 30 பவுன் வாங்கிக்கொண்டு ஒரு குட்டி அணியில் ஆடினார். 2012-ம் வருடக் கோடையில் லெஸ்டர் அவரைப் பத்து லட்சம் பவுனுக்கு வாங்கியது. பெரிய லீகுகளுக்கு வெளியே ஆடிய ஒருவருக்கு அதுவரை யாரும் அவ்வளவு கொடுத்ததில்லை. அவருக்கு அப்போது 25 வயது.

முதல் வருடம் அவர் போட்டது மொத்தம் ஐந்து கோல். "பத்து லட்சத்தைக் குப்பையில் போட்டார்கள்" என்று ரசிகர்கள் ஏசினார்கள். காது கூசும்படி ஏசினார்கள். அவர் மனம் வெறுத்து, ஆட்டத்தையே விட்டுவிடலாமா என்று யோசித்தார். பியர்சனும் உதவியாளர்களும்தான் தைரியம் சொல்லி நிறுத்தி வைத்தார்கள்.

2015-ல் அதே வார்டி தொடர்ச்சியாகப் பதினொரு லீக் ஆட்டங்களில் கோல் போட்டுச் சாதனை செய்தார். பட்டம் வென்ற வருடத்தில் 24 கோல் அவருடையது.

2025-ம் வருடம் மே 18-ந் தேதி, லெஸ்டர் மைதானத்தில் இப்ஸ்விச் அணியோடு ஆட்டம். அணி ஏற்கெனவே கீழே தள்ளப்பட்டுவிட்டது. புள்ளிக் கணக்குக்கு அந்த ஆட்டத்தால் பயனில்லை. ஆனாலும் கூட்டம் நிறைந்து வழிந்தது. வார்டிக்கு அது லெஸ்டரில் கடைசி ஆட்டம், 500-வது ஆட்டம். வயது 38. முதல் பாதியில் பந்து அவர் காலுக்கு வந்தது. உதைத்தார். கோல்! லெஸ்டருக்காக அவர் போட்ட 200-வது கோல் அது. பதின்மூன்று வருடத்துக்கு முன் பத்து லட்சம் தண்டம் என்று ஏசிய அதே இருக்கைகளில் இருந்தவர்கள், எழுந்து நின்று அழுதுகொண்டே கை தட்டினார்கள்.